செல்ஃப் அடித்ததும் அணைந்த திரை

இந்த விஷயத்தை எழுதலாமா, வேண்டாமா என்று வருஷக்கணக்காக யோசித்துவிட்டேன். தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வரி எழுதி, மடித்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு படகின் பேட்டரி பற்றிய சமாச்சாரம். ஆனால் அதற்குள் ஒரு சாவு இருக்கிறது, சாமி காரியம் இருக்கிறது, இன்னொரு மனிதரின் பெயரும் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. ஒரு வார்த்தை இடம் மாறி விழுந்தாலும் யாரையாவது குத்திவிடும் என்கிற பயம்.

போன வாரம் எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவம் இடிந்த கதையைப் படித்துவிட்டுச் சிலர் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. இலஞ்சிக் குமரனை நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

மீன் தெரியுமாம், மனுசன் தெரிவானா?

ஐப்பசி மாதம். மலையில் விடாமல் மழை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் நான் மீன் குத்தகை எடுத்திருந்த குளம் நிரம்பி மறுகால் வழியாக வழிவதற்கு ஒரு முழம்தான் பாக்கி.

கரையில் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். முந்தின நாள் மத்தியானம் அவள் புருஷன் மாடசாமி மடைக்குள் இறங்கினவர் ஏறி வரவில்லை. வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுவது அவர் வேலை. மடையில், தண்ணீரில் மிதக்கிற அமலைச் செடி வந்து அடைத்துக்கொண்டது, எடுத்துவிட இறங்கினார். கூட நின்றவர்கள் ஒரு தலை தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து இருட்டும் வரை மடையைச் சுற்றி முங்கிப் பார்த்தார்கள். மலைவெள்ளம் வருகிற இழுப்பில் ஆள் எங்கேயோ தள்ளிப் போயிருந்தார். மறுநாள் காலை அவர்களுக்கு வேறொரு ஊரில் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கிற வேலை. அதை முடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் அந்த நாள் ஊரில் இல்லை. சுவாதி நட்சத்திரம் என்று குடும்பத்தோடு கீழப்பாவூர் நரசிம்மரைப் பார்க்கப் போயிருந்தேன். காலையில் நான் படகை அவிழ்க்கும்போது பேச்சி கிட்டே வந்தாள். அழுகை எல்லாம் தீர்ந்த முகம்.

"அண்ணாச்சி, ஒங்க படகுப் பெட்டில மீனு தெரியுமாம்லா. மனுசன் தெரிவானா?"

"தெரியும்மா. தேடுவோம்."

"எப்பனாலும் மெதந்து வந்திருவாருன்னு சொல்லுதாங்க. அது எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. முகம் முகமா இருக்கையில எடுத்துக் குடுங்க."

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அண்ணன் ஒருவன் கிணற்றில் விழுந்து நாலாம் நாள் மிதந்தான். அவனைப் பெற்றவளே இது என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டாளாம். அது ஊருக்கே தெரிந்த கதை. அதனால் பேச்சி கேட்டதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

படகு வந்த வழி

படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குளத்து மீன்குத்தகைக்காரனுக்கு மோட்டார் படகு எதற்கு என்று ஊரில் கேலி பேசினார்கள்.

எங்கள் குளம் பெரிய குளம். உள்ளே பழைய கருவேல மரங்கள் மூழ்கிக் கிடக்கும். வலை போட்டால் பாதி கிழிந்து வரும். தூத்துக்குடிப் பக்கம் ஒருவர் தொழிலை விட்டுவிட்டு ஃபைபர் படகை விற்றார். பின்னால் மோட்டார், சாவியைத் திருகினால் கிளம்புகிற செல்ஃப், ஒரு பேட்டரி, ஒரு விளக்கு, ஒரு எக்கோ.

எக்கோ என்பது கடல்காரர்கள் வைத்திருக்கிற பெட்டி. ஒரு சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு திரை. தண்ணீருக்கு அடியில் தரை எங்கே இருக்கிறது, நடுவில் என்ன கிடக்கிறது என்று கோடு கோடாகக் காட்டும். மீன் என்றால் நகக்கீறல் மாதிரி. மரம் என்றால் முள்ளு முள்ளாக. எனக்கு மரம் எங்கே என்று தெரிந்தால் போதும், அதற்காகத்தான் வாங்கினேன்.

முதல் தடவை அந்தத் திரையில் தரையைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மறைவாக இருக்கட்டும் என்று ஆண்டவன் வைத்ததை எட்டிப் பார்க்கிறோமோ என்று. என் மனைவி பகவதியிடம் சொன்னேன். "வயித்துப் பிள்ளையவே பெட்டில பாக்காங்க, நீங்க மீனப் பாக்கதுக்கு யோசிக்கேளா" என்றாள். அதோடு அந்த யோசனை தீர்ந்தது.

அந்தக் காலை

படகில் நானும் சுடலையும். சுடலை பேச்சியின் தாய்மாமன் மகன். மூச்சடக்கி முங்குவதில் எங்கள் பக்கம் அவனுக்கு இணை இல்லை. வாயிலும் இணை இல்லை. துக்க வீட்டில்கூட நாக்கு சும்மா இருக்காது. அவனுக்கு அது ஒரு வகை அழுகை என்று பிற்பாடு எனக்குப் பட்டது.

மடையிலிருந்து கருவேலமரப் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போவது என்று திட்டம். கொஞ்ச தூரம் போனதும், தண்ணீருக்குள் சுற்றுகிற மோட்டார் காற்றாடியில் அமலைச் செடி சுற்றிக்கொண்டது. மோட்டாரை அணைத்து, செடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, சாவியைத் திருகினேன்.

செல்ஃப் கர், கர் என்று மூச்சு வாங்கிச் சுற்றியது. மோட்டார் பிடித்தது. எக்கோ திரை கறுத்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத் தானாக உயிர் வந்தது. முதலில் கம்பெனிப் படம், அப்புறம் இங்கிலீஷில் ஏதோ எச்சரிக்கை, அதற்கு ஒரு பொத்தான் அமுக்க வேண்டும், அப்புறம்தான் தரை. அதற்குள் மலைக்காற்றும் வெள்ளமும் படகை எங்கேயோ கொண்டுபோயிருந்தன.

அடையாளத்துக்கு ஒரு காலி எண்ணெய்க் கேனில் கல்லைக் கட்டிப் போட்டோம். வெள்ளம் அதையும் இழுத்துக்கொண்டு போனது.

திரும்பவும் செடி. திரும்பவும் அணைத்து, பிய்த்து, செல்ஃப். திரும்பவும் கறுப்பு. பார்த்த இடம் எது, பார்க்காத இடம் எது என்று குழம்பிவிட்டது.

"அண்ணாச்சி, ஒங்க டிவில கரண்டு போயிப் போயி வருது. லைன்மேனக் கூப்பிடுவமா?" என்றான் சுடலை.

நான் திரையிலேயே கண்ணை வைத்திருந்தேன். ஒரு தடவை கருவேலமரங்களுக்கு இந்தப் பக்கம், முள்ளு முள்ளாக இல்லாமல், நீளமாக, தடிமனாக ஒரு கோடு தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அந்த நேரம் பார்த்துக் காற்றாடி இறுகி நின்றது. செடியை எடுத்து, செல்ஃப் அடித்து, திரை கறுத்து, திரும்ப வெளிச்சம் வந்தபோது அடியில் வெறும் சேறு.

"மூதி, அணைஞ்சு அணைஞ்சு கொல்லுது" என்றான் சுடலை. இந்தத் தடவை கேலி இல்லை.

வேனில் நின்று போகிற பாட்டு

நான் அதைக் கோளாறு என்றே முதலில் நினைக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

கீழப்பாவூருக்கு நாங்கள் எப்போதும் வாடகைக்குப் பிடிக்கிற வேனில் டிரைவர் பக்திப்பாட்டு போடுவார். எங்காவது டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்ப செல்ஃப் அடித்தால் பாட்டு பட்டென்று நிற்கும். வண்டி கிளம்பியதும் முதலிலிருந்து பாடும். ஒரே விநாயகர் பாட்டைப் போகும்போது நாலு தடவை, வரும்போது நாலு தடவை கேட்டிருக்கிறோம். வண்டி என்றால் அப்படித்தான் என்று நினைத்துப் பழகிவிட்டது.

பாட்டு நின்றால் பரவாயில்லை. திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் குளத்தில் நின்று போனது பாட்டு இல்லை.

கரைக்கு வந்து டேனியலுக்குப் போன் போட்டேன்.

டேனியல்

டேனியல் தென்காசியில் வண்டிகளுக்கு செல்ஃப், டைனமோ, வயரிங் வேலை பார்க்கிறவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நான் முன்பு வைத்திருந்த குட்டியானை வண்டி புதிதாக இருந்த காலத்திலிருந்து பழக்கம்.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. எங்கள் வீட்டில் பூஜை நடக்கும்போது அவர் வந்தால் வாசலுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டில் ஜெபம் நடக்கும்போது நான் போனால் கேட்டுக்கு வெளியே நிற்பேன். முடிந்ததும் இரண்டு பேரும் உள்ளே போய்க் காப்பி குடிப்போம். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக் வரும். சாமிக்குப் படைத்ததை அனுப்பக்கூடாது என்று பகவதி முறுக்கைத் தனியாக முதலிலேயே எடுத்து வைத்துவிடுவாள். இதையெல்லாம் நாங்கள் ஒரு நாளும் வாயால் பேசிக்கொண்டதில்லை.

டேனியல் பைக்கில் பையோடு வந்து சேர்ந்தார். முதலில் பேச்சி பக்கம் போய்த் தலையைக் குனிந்து ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் படகில் ஏறினார்.

பன்னிரண்டு புள்ளி ஆறு

பேட்டரி பின்பக்கம் ஒரு பெட்டிக்குள் இருந்தது. ஆயுத பூஜை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. பூஜையன்று பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், துடைத்து, மேலே வயர் மாட்டுகிற இரண்டு கம்பத்துக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தோம். பேட்டரியைப் பார்த்தால் கண் விழித்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அரிவாள்மனை, வலை, தராசு, வண்டி எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

மறுநாள் அந்தச் சந்தனத்தோடேயே படகில் ஏற்றி, வயர் முனையிலிருக்கிற கிளாம்பைக் கம்பத்தின் மேல் போட்டு இறுக்கினோம். அதற்கு மேல், அம்மன் கோயிலில் வைத்துப் பகவதி வாங்கி வந்த மஞ்சள் காப்புக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, இன்னொரு பொட்டும் வைத்தோம். காப்பு தானாக இற்று விழ வேண்டும். அறுக்கக்கூடாது. இது எல்லாருக்கும் தெரியும்.

டேனியல் பெட்டியைத் திறந்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு கை உள்ளே போனது.

"ஏ டேனியலு, பாத்து. காப்பு கெட்டிருக்கு" என்றான் சுடலை.

சாதாரணமாகத்தான் சொன்னான். டேனியல் கையை எடுத்துவிட்டார். "பாத்தேன், பாத்தேன்" என்று ஸ்பானரைப் பைக்குள் போட்டார்.

பிறகு மீட்டரை எடுத்து, இரண்டு ஊசியையும், கம்பத்தின் உச்சியில் குங்குமம் படாத கடுகளவு இடத்தில் வைத்தார். அவ்வளவு பதனமாக ஒருவர் மீட்டர் வைத்து நான் பார்த்ததில்லை.

"பன்னெண்டு புள்ளி ஆறு. பேட்டரி கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி. செல்ஃப் அடிங்க."

அடித்தேன். செல்ஃப் முனகியது. திரை கறுத்தது. மீட்டரில் பன்னிரண்டுக்குக் கீழே எண் இறங்கவில்லை.

டேனியல் தாடையைச் சொறிந்தார். "பேட்டரி எறங்கல. திரை மட்டும் சாவுது."

ஃபியூஸைக் கழற்றிப் புதிது போட்டார். எக்கோவுக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டு வேறு இழுத்தார். மோட்டாரில் எர்த் வயர் பிடித்திருக்கிற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். சாவிப் பெட்டியைத் திறந்து ஊதினார். ஒவ்வொன்று முடிந்ததும் செல்ஃப் அடிப்போம். ஒவ்வொரு தடவையும் கறுப்பு. போதாக்குறைக்கு செல்ஃப் வரவர இழுக்க மாட்டேன் என்றது.

வெயில் உச்சிக்கு வந்தது. மறுகாலில் முதல் தண்ணீர் மெல்ல வழிய ஆரம்பித்துவிட்டது என்று கரையில் யாரோ சொன்னது கேட்டது. வழிந்தால் கீழே ஓடை, அதைத் தாண்டினால் சிற்றாறு.

"டேனியலு, ஒன் பைக் பேட்டரியக் கழத்தி எக்கோவுக்கு மட்டும் குடு. அது போதும்லா?" என்றேன்.

டேனியலுக்கு முகம் சிறுத்தது. "அது செத்து ஆறு மாசமாச்சு அண்ணாச்சி. உதைச்சுத்தான் எடுக்கேன்."

"வெளங்கும்" என்றான் சுடலை. "ஊரு வண்டியெல்லாம் எழுப்பி விடுதாரு. தன் வண்டி பொணமாக் கெடக்கு."

அந்த வார்த்தை வந்ததும் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நான் தென்காசி போயி வேற பேட்டரி எடுத்துட்டு வாரேன்" என்று டேனியல் கரைக்குக் குதித்தார்.

திரும்பி வந்த மனிதர்

கரையில் நடந்ததை நான் படகிலிருந்து பார்த்தேன்.

டேனியல் பைக்கை உதைத்தார். மூன்றாவது உதையில் பிடித்தது. பேச்சி பக்கத்தில் போய் என்னவோ கேட்டாள். பிற்பாடு தெரிந்தது, அவள் கேட்டது இதுதான்: "தம்பி, போயிட்டு வர எம்புட்டு நேரமாவும்?"

டேனியல் பைக்கை அணைத்தார். கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் இறங்கி, தண்ணீருக்குள் நடந்து படகுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"சொல்லு."

"அந்தக் கிளாம்பக் கழத்திப் பாக்கணும். அடில சந்தனம் இருக்கும்னு நெனைக்கேன்."

"எப்ப நெனைச்ச?"

"பெட்டியத் தொறந்ததும்."

 வேறு பேட்டரிக்காகத் தென்காசி வரை போய் வரத் துணிந்தவர், இந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லத் துணியவில்லை. அவர் இடத்தில், அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிற ஜெபமாலைக்குப் பின்னால் ஒரு வயர் அறுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருந்தால், நானும் தெருவெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வந்து சொல்லியிருப்பேன்.

அவர் சொன்ன விளக்கம் என் மனதில் அப்படியே நிற்கிறது. "எக்கோ செரட்டை அளவு தண்ணி கேக்கும். அது எந்தச் சந்துலயும் வந்திரும். செல்ஃப் கொடம் கொடமாக் கேக்கும். வழி அடைச்சிருந்தா அது மொத்தத்தையும் உறிஞ்சிரும், எக்கோவுக்குச் சொட்டு இருக்காது. நான் மீட்டர வச்சது அடைப்புக்கு அந்தப் பக்கம். அங்கன தண்ணி ரொம்பிக் கெடக்கு. இங்கன வரல."

"மடையில செடி அடைச்ச மாதிரி" என்று ஆரம்பித்த சுடலை, கரையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

கயிறு

முதலில் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்து காய்ந்து இறுகிப் போயிருந்தது. நகம் ஏறவில்லை. டேனியல் தன் பையிலிருந்து கத்தியை எடுத்துப் பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். அவர் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மன் காப்பு. பகவதி விரதம் இருந்து வாங்கி வந்தது. ஒரு சாவு வீட்டுக் காரியத்துக்கு நடுவில் அதை அறுப்பதா என்று மனசு இடறியது.

பேச்சி முழங்கால் தண்ணீரில் வந்து நின்றாள். "என்ன அண்ணாச்சி யோசனை?"

சொன்னேன்.

"நாளைக்கு என் கழுத்துக் கயித்தையே எடுக்கப் போறாங்க" என்றாள். "இதுக்கு என்ன யோசனை?"

குரலை உயர்த்தவில்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

நான் அறுத்தேன். "தாயே, ஒனக்குத் தெரியாததா" என்று மட்டும் சொன்னேன். டேனியல் ஸ்பானர் போட்டுக் கிளாம்பைத் தளர்த்தினார். நான் தூக்கினேன். உள்ளே சந்தனம் சுட்ட செங்கல் மாதிரி பொருக்குக் கட்டியிருந்தது. ஓரமெல்லாம் சூட்டில் கருகியிருந்தது. இரும்பும் ஈயமும் தொட்டுக்கொண்டது ஒரு நெல்லளவு இடத்தில் மட்டும்தான்.

சந்தனத்தைத் துடைத்தது நான். என் தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். தண்ணீரில் போடாமல் துண்டு முனையில் முடிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் டேனியல் கம்பத்தை உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்துக் கிளாம்பை இறுக்கினார்.

"அடிங்க" என்றார்.

செல்ஃப் ஒரு முனகல்கூட இல்லாமல் சரட்டென்று சுற்றியது. திரையில் தரைக்கோடு அசையாமல் நின்றது.

கிடைத்தார்

கருவேலமரப் பக்கம் போனோம். செடி சுற்றியது, அணைத்தோம், எடுத்தோம், அடித்தோம். திரை இமைக்கவில்லை. காலையில் பார்த்த அந்தத் தடித்த கோடு, நாங்கள் நினைத்த இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு மரத்தின் கவட்டில் இருந்தது.

சுடலை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முங்கினான். கயிறு இரண்டு தடவை அசைந்தது. நானும் டேனியலும் இழுத்தோம். டேனியல் உதடு அசைந்துகொண்டே இருந்தது, என் உதடும். இரண்டு பேரும் சொன்னது வேறு வேறு வார்த்தை.

மாடசாமியின் முகம் முகமாக இருந்தது. நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

கரையில் கிடத்தியதும் பேச்சி உட்கார்ந்து, அவர் மீசையில் ஒட்டியிருந்த செடித்தூளை எடுத்துப் போட்டாள். காதுப்பக்கம் வாயை வைத்து, "சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னனா இல்லியா" என்றாள். பிறகுதான் அழுதாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது.

ஊர் வாயில்

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுதவிடாமல் வைத்திருந்தது.

அடுத்த சாரல் சமயத்தில் ஐந்தருவிப் பக்கம் ஒரு கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் இன்னொருவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு வேதக்கார மெக்கானிக்கு, படகுல இருந்த அம்மன் காப்ப அறுத்து வீசி, பொட்டக் காலால தேச்சிருக்கான். கேக்க ஆளில்ல." என் படகு, என் குளம். என்னை அவருக்குத் தெரியாது.

"அவரு அறுக்கல. படகுக்காரர் அறுத்தாரு" என்றேன்.

"நீரு பாத்தீரா?" என்றார்.

"நான்தான் அறுத்தேன்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைக் கட்டினார். நம்பினாரா என்று தெரியாது.

வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில் வேறு மாதிரி கேட்டேன். பொட்டு வைத்ததால்தான் ஆள் செத்துப்போனார் என்றும், வேதக்காரர் ஜெபம் பண்ணியதும் திரையில் வெளிச்சம் வந்தது என்றும். மாடசாமி இறந்தது முந்தின நாள் என்பதே அந்தக் கதையில் இல்லை. போனில் சுற்றியதில் இன்னும் பல உருவம். ஒன்றில் எனக்குக் கண் போய்விட்டது.

டேனியலிடம் சொன்னேன், நான் எழுதிவிடுகிறேன் என்று. "வேண்டாம் அண்ணாச்சி. கேக்காதவனும் கேப்பான்" என்றார். அவர் சொல்வதும் சரிதான் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர் கேக் கொண்டுவந்தபோது முதல் தடவையாகக் கேட்டார்: "ஒங்க தெருவுக்குள்ள நான் வந்தா ஒங்களுக்குச் சங்கடம் இல்லியே?" அதைக் கேட்டு பகவதி அடுப்படிக்குள் போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

நம் வீட்டுப் பூஜைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். படகோ, வண்டியோ, தண்ணீர் மோட்டாரோ, பேட்டரிக்குப் பொட்டை அதன் வயிற்றில் வையுங்கள். கம்பத்தில் வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது பாட்டோ, விளக்கோ, திரையோ நின்று வந்தால் அதை வண்டியின் சுபாவம் என்று விடாதீர்கள். கிளாம்பைக் கழற்றிப் பாருங்கள். சாமிக்கு இதில் கோபம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

இப்போது எழுதுகிறேன் என்றால் பேச்சி கேட்டதால். போன மாதம் யாரோ அவள் மகளுக்குப் போனில் சுற்றுகிற அந்தக் கதையை அனுப்பி, "இது உங்க அப்பாதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். மகள் அழுதுகொண்டே வந்து அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். பேச்சி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். டேனியலையும் வரச் சொன்னாள். எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, "என் வீட்டுக்காரரு எப்பிடிக் கெடைச்சாருன்னு எனக்குத் தெரியும். எம் மக எழுத்துல பாக்கணும்" என்றாள். டேனியல் தலையாட்டினார்.

வாசிக்கிற உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை நீங்கள் யாருக்கும் சொல்லாமல் இருந்தாலும் சரி. சொல்வதானால், போனில் அனுப்புவதானால், இப்படியே அனுப்புங்கள். யாரையும் நல்லவராக்க வேண்டாம், யாரையும் கெட்டவராக்க வேண்டாம். கத்தியை நீட்டியது டேனியல். கயிற்றை அறுத்தது நான். அறுக்கச் சொன்னது பேச்சி. மாடசாமி ஊர் வயலுக்குத் தண்ணீர் விட இறங்கினவர்.

அவர் பெயரை முதலில் சொல்லுங்கள்.